ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கிளினிக்

எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் யாருக்கும் தனிப் பெயர் கிடையாது. எல்லா மெஷினுக்கும் ஒரே லாகின், 'ஸ்டூடன்ட்'. பாஸ்வேர்டும் அதுவே. யாரும் மறந்துவிடக் கூடாதே என்று அதைப் பலகையின் மேல் மூலையில் பெயின்டால் எழுதிவைத்திருந்தார்கள். அந்த 'ஸ்டூடன்ட்' சர்வ அதிகாரம் படைத்தவன். எதையும் எங்கேயும் எழுதுவான், எதையும் அழிப்பான், விண்டோஸ் வாய்திறக்காது. ஆளுக்கொரு லாகின் போட்டுக்கொடுக்க லேப் உதவியாளருக்குச் சோம்பலாக இருந்ததால் எங்களுக்குக் கிடைத்த ஜனநாயகம் அது. அந்த ஆட்சியில் நாங்கள் நிறையப் படித்தோம். ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பயன்படுத்தக்கூடும் என்பதை மட்டும் படிக்கவில்லை.

லேபில் இன்னொரு வழக்கமும் உண்டு. செயல்முறைத் தேர்வில் ப்ரோக்ராம் எரர் காட்டினால் மார்க் போய்விடும். எரர் வராத ப்ரோக்ராம் எழுதுவது கஷ்டம், எரரைக் காட்டாத ப்ரோக்ராம் எழுதுவது சுலபம். ஆகவே உள்ளே எது உடைந்தாலும், எது விழுந்தாலும், 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி வருகிற மாதிரி எழுதிப் பழகியிருந்தோம். கட்டடம் தீப்பிடித்தாலும் அந்தப் பெட்டி வரும்.

இந்த உயர்ந்த பயிற்சியோடு நானும் டெமோவும் சேர்ந்து என் அக்காவின் கிளினிக்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிக்கொடுத்தோம்.

டெமோ என் வகுப்புத் தோழன். அவன் எழுதுவது டெமோ காட்டும்போது மட்டும் ஓடும். தேர்வாளர் கதவைத் தாண்டியதும் படுத்துக்கொள்ளும். அதனால் வந்த பெயர் அது. அவனுக்கு அதில் வருத்தமில்லை. பெருமை என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர். கிளினிக் அவளுடையது அல்ல, பெரிய டாக்டருடையது. அவர் வயதாகி, கை நடுங்க ஆரம்பித்து, ஊசி போட்டால் நாயை விட அவருக்கு அதிகம் வலிக்கிறது என்று ஓய்வெடுக்க முடிவு செய்திருந்தார். கிளினிக்கை யாரிடம் விடுவது என்பதில்தான் குழப்பம். ஒரு பக்கம் அக்கா, படித்து முடித்த நாளிலிருந்து அங்கேயே வேலை பார்ப்பவள். இன்னொரு பக்கம் அவருடைய மருமகன், நாய் ஷாம்பு விற்பவர். கிளினிக்கை அப்படியே நாய்கள் குளிக்கும் நிலையமாக மாற்றிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மாமனார் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்மா” என்று பெரிய டாக்டர் அக்காவிடம் சொன்னாராம். “அதுவரைக்கும் நீ தனியா நடத்து. வர்ற சனிக்கிழமை இல்ல, மாசக் கடைசி சனிக்கிழமை வந்து பார்ப்பேன். ஒழுங்கா நடந்தா உன்கிட்ட விட்டுடறேன். இல்லைன்னா குளிப்பாட்டட்டும்.”

அக்கா மனசுக்குள் எக்ஸ்ரே மெஷினை எந்தச் சுவரோரம் வைப்பது என்பது வரை முடிவு செய்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சுவர் தெரியும். அம்மாகூட ஒருமுறை “ஜன்னல் பக்கமா வேண்டாம்டி, வெயில் படும்” என்று கருத்துச் சொன்னாள்.

நாங்கள் ப்ரோக்ராமை நிறுவிவிட்டு வந்த இரண்டாவது வாரம், அக்காவிடமிருந்து போன் வந்தது.

“டேய், எங்க இருக்க?”

“க்ளாஸ்ல.”

“தட்டு சத்தம் கேக்குது.”

“இன்னிக்கு க்ளாஸ் கேன்டீன்ல.”

“நேத்து சாயங்காலம் உன் ப்ரோக்ராம் ஒரு லாப்ரடாரை முழுங்கிடுச்சு. அதுக்கு முந்தின சாயங்காலம் ஒரு முயல், ரெண்டு பூனை. எல்லாரும் அப்பாயின்ட்மென்ட் வாங்கினோம்னு வந்து நிக்கறாங்க. லிஸ்ட்ல ஒருத்தர் பேரும் இல்ல. கிளம்பி வா.”

“என் லேப்டாப்ல நல்லா ஓடுதேக்கா.”

“அப்ப உன் லேப்டாப்பை இங்க வச்சிட்டு நீ காலேஜுக்குப் போ.”

எங்கள் துறையில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு நேரடியான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. டெமோவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

*

கிளினிக் சிறியது. முன்னால் காத்திருக்கும் அறை, உள்ளே சிகிச்சை அறை, நடுவில் ஆடும் கதவு. காத்திருக்கும் அறையின் மூலையில் ஒரு மேசை, அதில் ஒரே கம்ப்யூட்டர், பக்கத்தில் மருந்து டப்பாக்களுக்கு லேபிள் அடிக்கும் குட்டி பிரின்டர். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள், பெரிய டாக்டர் உட்பட. கிளினிக் திறந்த நாளிலிருந்து இருக்கிறார். காலையிலிருந்து மதியம் வரை மேடம் அப்பாயின்ட்மென்ட் போடுவார். அவர் போன பிறகு சாயங்காலம் அக்காவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து போடுவாள்.

நாங்கள் போனபோது சாப்பாட்டு இடைவேளை. அறையில் பிராணிகள் இல்லை. மேடமும் அக்காவும் மட்டும் இருந்தார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாத விதத்திலிருந்தே நிறையப் பேசி முடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

“வாங்க தம்பி” என்றார் மேடம். “உங்க அக்கா, நான் அப்பாயின்ட்மென்ட் போடறதே இல்லைன்னு நினைக்கிறாங்க.”

“நான் அப்படிச் சொல்லல மேடம். லிஸ்ட்ல இல்லைன்னுதான் சொன்னேன்.”

“நான் போட்டேன் டாக்டர். சேமிக்கப்பட்டதுன்னு பெட்டி வந்துது.”

நானும் டெமோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்கப் பாடுபட்டோம்.

“சரி, அப்படியே இருக்கட்டும்” என்றார் மேடம். “பெரிய டாக்டர் வரட்டும். வந்ததும் சொல்லிட்டு நான் நின்னுக்கறேன். பொய் சொல்றவன்னு பேர் வாங்கறதுக்கு இத்தனை வருஷம் இங்க உட்காரல.”

அக்கா ஆடும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. மேடம் எழுந்தார். எழுவதற்கு முன், கம்ப்யூட்டரில் தன் லாகினிலிருந்து வெளியே வந்தார். தண்ணீர் குடிக்க நாலடி நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனார்.

“தண்ணி குடிக்கறதுக்கு எதுக்கு மேடம் லாக் ஆஃப்?” என்றான் டெமோ.

“வீட்டை விட்டு இறங்கும்போது பூட்டிட்டுப் போக மாட்டீங்களா?”

“தண்ணி குடிக்கப் போகும்போது பூட்ட மாட்டேன்.”

“அது உங்க வீட்டுப் பழக்கம்” என்றார் மேடம்.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் மேடத்திடம் புகார்களைக் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாது.

“லேபிள் பட்டனை அமுக்கினா ஸ்கிரீன் வெளுத்துப்போயிடுது. செத்துடுச்சா, தூங்குதான்னு தெரியல. அதான் திரும்பத் திரும்ப அமுக்குவேன். அப்புறம் உயிர் வந்ததும் ஒரே மருந்துக்குப் பாம்பு மாதிரி லேபிளா வருது. ஒரு கிளிக்கு வந்த லேபிளை ஒட்டினா கிளியையே சுத்திடலாம்.”

இது எங்களுக்குத் தெரிந்த வியாதி. திரையில் தெரியும் ப்ரோக்ராம் ஜன்னல் ஒன்றுக்கு வேலைக்கு ஒரே ஆள். வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்பதும் அவன்தான், உள்ளே போய் அடுப்பில் பால் வைப்பதும் அவன்தான். பிரின்டர் கண்விழிக்கும்வரை அவனை அடுப்படியில் நிற்கவைத்துவிட்டோம், வாசலில் ஆளில்லை, திரை வெளுத்துவிட்டது. மேடம் அமுக்கிய அமுக்கலெல்லாம் வீணாகப் போகவில்லை, வரிசையில் காத்திருந்தது. அவன் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள். அச்சடிக்கிற வேலையைப் பின்னால் தனி ஆளிடம் கொடுத்தோம். ஒருமுறை அமுக்கினால் வேலை முடிகிறவரை பட்டன் மங்கிவிடும்படி செய்தோம். மேடம் அமுக்கிப் பார்த்தார். ஒரே ஒரு லேபிள் வந்தது.

“அவ்வளவுதானா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“வேற, மேடம்?”

“ஒரு அப்பாயின்ட்மென்டை எடுக்கணும்னா எங்க எடுக்கறது?”

“நீக்குன்னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க.”

“எங்க?”

பார்த்தோம். இல்லை. மேடம் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்திருந்தார். நாங்களோ ஒவ்வொரு பட்டனுக்கும் இவ்வளவு தூரம், இவ்வளவு அகலம் என்று எங்கள் லேப்டாப்பின் அளவுக்கு ஆணியடித்து வைத்திருந்தோம். எழுத்து பெரிதாகப் பெரிதாக, 'நீக்கு' மெல்ல நகர்ந்து ஜன்னலுக்கு வெளியே போய்விட்டிருந்தது.

“பட்டன் இருக்கு மேடம்” என்றான் டெமோ. “அடுத்த தெருவுல இருக்கு.”

“அதை அப்புறம் பார்க்கலாம்” என்றேன். “முதல்ல காணாமப்போன லாப்ரடாரைப் பிடிப்போம்.”

எல்லாப் பழியையும் எங்கள் 'சேமிக்கப்பட்டது' பெட்டியின் மேல்தான் போட்டிருந்தேன். ஃபைலில் எழுத முடியாமல் ஏதோ எரர் வருகிறது, பெட்டி அதை முழுங்கிவிட்டுச் சிரிக்கிறது, இதுதான் என் கணக்கு. ஆகவே எரரை மறைக்கிற இடங்களையெல்லாம் தேடித்தேடிப் பிடுங்கினோம். இனி எது தப்பானாலும் முகத்துக்கு நேரே சொல்லும். ஒரு ப்ரோக்ராமின் வாழ்க்கையில் இது மனசு திறந்து பேசும் கட்டம். மேடத்தைச் சேமிக்கச் சொன்னேன். எரருக்காக நானும் டெமோவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது.'

“மச்சான், நிஜமாவே சேமிச்சிருக்குடா” என்றான் டெமோ. அவன் குரலில் பயம் இருந்தது. எங்கள் ப்ரோக்ராம் உண்மை சொல்லி அவன் பார்த்ததில்லை.

எரர் இருந்தால் பிடித்துவிடலாம். எரரே இல்லாத தப்பை என்ன செய்வது? டெமோ முகவாயைத் தடவினான். பிறகு அவனுக்கே உரிய முறையில் ஒரு யோசனை சொன்னான்.

“தெரியாத நாயைத் தேடறதை விட, தெரிஞ்ச பிராணி ஒண்ணை உள்ள விட்டு, அது எங்க போகுதுன்னு பார்ப்போம். மேடம், சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு யானை போடுங்க.”

“யானையா?”

“வேற எதைப் போட்டாலும் நிஜ பேஷன்ட்டோட கலந்துடும்.”

மேடம் போட்டார். உரிமையாளர் பெயர் கேட்டது, 'டெமோ' என்று அடித்தார். பிரச்சினை என்ன என்று கேட்டது, கொஞ்சம் யோசித்து 'பசியில்லை' என்று அடித்தார். சேமிக்கப்பட்டது. பட்டியலில் யானை வந்து நின்றது. மூடித் திறந்தோம், யானை அங்கேயே நின்றது.

“அக்கா, வந்து பாரு” என்று கூப்பிட்டேன்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். மேடம், வழக்கப்படி, தன் லாகினிலிருந்து வெளியே வந்து நாற்காலியை விட்டு எழுந்தார். அக்கா உட்கார்ந்தாள். தன் பாஸ்வேர்டை அடித்தாள். ப்ரோக்ராமைத் திறந்தாள். சனிக்கிழமைக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு ஒரு பக் நாய் இருந்தது.

“யானை எங்க?” என்றேன்.

“எந்த யானை?” என்றாள் அக்கா.

“இப்பதான் போட்டேன் டாக்டர். இந்தத் தம்பிங்க கண்ணு முன்னாடி.”

“மேடம், திரும்ப உங்க லாகின்ல போங்க” என்றான் டெமோ. போனார். யானை நின்றுகொண்டிருந்தது, பசியில்லாமல். பக் நாயைக் காணவில்லை. மறுபடி அக்கா. பக் நாய் இருந்தது, யானை இல்லை.



*

எழுதிய ஃபைல் எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். ப்ரோக்ராமை நிறுவிய ஃபோல்டரிலேயே, அதன் காலடியிலேயே ஃபைலை வைத்திருந்தோம். லேபில் எல்லாம் அப்படித்தான் வைப்போம், கண்ணெதிரே இருக்குமே என்று. ஃபைல் இருந்தது. ஆனால் நாங்கள் நிறுவிய தேதியிலேயே நின்றுவிட்டிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு எறும்புகூட இல்லை. ப்ரோக்ராமில் பார்த்தால் கூட்டம், ஃபைலில் பார்த்தால் வெறும் தரை.

டெமோ அக்காவின் அனுமதியோடு கம்ப்யூட்டர் முழுக்க அந்த ஃபைலின் பெயரைத் தேடவிட்டான். தேடல் நிதானமாக நடந்தது. மேடம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எங்களுக்கு நீட்டினார், அக்காவுக்கு நீட்டவில்லை.

முதலில் ஒன்று கிடைத்தது, அக்காவின் சொந்த ஃபோல்டருக்குள், எங்கோ ஆழத்தில். பிறகு இன்னொன்று, மேடத்தின் சொந்த ஃபோல்டருக்குள், அதே ஆழத்தில். ஒரே பெயர், இரண்டு ஃபைல். ஒன்றில் பக் நாய். மற்றதில் யானை, லாப்ரடார், முயல், இரண்டு பூனைகள், இன்னும் கிளினிக்கே தாங்காத அளவுக்குக் கூட்டம்.

“எல்லாரும் இருக்காங்க” என்றார் மேடம், தொலைந்த உறவினர்களைக் கண்டெடுத்தவரைப் போல.

நடந்தது இதுதான். ப்ரோக்ராம்கள் குடியிருக்கும் ஃபோல்டரில் சாதாரண ஆட்கள் எதையும் எழுத விண்டோஸ் விடாது. நாகரிகம் தெரிந்த ப்ரோக்ராமாக இருந்தால் முகத்துக்கு நேரே மறுத்துவிடும், எரர் வரும். ஆனால் பழங்காலத்து ப்ரோக்ராம் என்று தோன்றினால் விண்டோஸுக்கு மனசு கேட்பதில்லை. இது பாவம், சொன்னாலும் புரியாது என்று, “சரி, நீங்க சொன்ன இடத்துலயே வச்சிட்டேன்” என்று தலையாட்டிவிட்டு, அந்தந்த ஆளின் சொந்த அலமாரிக்குள் ஒரு பிரதியைச் செருகிவிடும். கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் காட்டும். மாமியாரிடம் தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தன் இஷ்டத்துக்கு வைக்கிற மருமகளின் சாமர்த்தியம். அந்த வீட்டில் சண்டையே வராது, எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

எங்கள் ப்ரோக்ராம் பழங்காலத்து ஆள் என்று விண்டோஸ் எப்படி முடிவு செய்தது? ப்ரோக்ராமோடு சேர்த்து அனுப்பும் சிறு குறிப்பு ஒன்று உண்டு, மேனிஃபெஸ்ட் என்று பெயர். நான் இந்தக் காலத்துப் பிள்ளை, எனக்கு விதிமுறை தெரியும் என்று அது விண்டோஸிடம் சொல்லும். எங்களுடையதில் அது இல்லை.

“நான்தான்டா எடுத்தேன்” என்றான் டெமோ. “ஏதோ எரர் வந்துது. நெட்ல ஒருத்தன் மேனிஃபெஸ்ட் வேண்டாம்னு டிக் பண்ணச் சொல்லியிருந்தான். பண்ணேன். எரர் போயிடுச்சு.”

“எரர் போகல. இடம் மாறிடுச்சு.”

“நம்ம லேப்ல நல்லாத்தானே ஓடுச்சு.”

ஓடும். லேபில் 'ஸ்டூடன்ட்' ஒருவன்தான். அவன் எங்கே எழுதினாலும் அவனே போய்ப் படித்துக்கொள்வான். இந்தக் கம்ப்யூட்டரில்தான் முதல்முறையாக இரண்டு மனிதர்கள் உட்கார்ந்தார்கள். அதிலும் ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பூட்டிவிட்டுப் போகிறவர்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்றாள் அக்கா.

“இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு கிளினிக் நடக்குதுக்கா. காலைல மேடத்தோட கிளினிக். சாயங்காலம் உன் கிளினிக். ரெண்டுக்கும் போக்குவரத்து கிடையாது.”

 அக்கா மேடத்தின் பக்கம் திரும்பினாள்.

“மேடம், தப்பு என்மேல. உங்களைக் கேக்கறதுக்கு முன்னாடி இவனுங்களைக் கேட்டிருக்கணும்.”

“பரவாயில்ல டாக்டர்.”

“பரவாயில்லைன்னு சொல்லாதீங்க. இவனுங்களைத் திட்டுங்க.”

“எங்க டாக்டர் திட்டறது? பார்த்தா ரெண்டு பேரும் இன்னும் மீசை கூட ஒழுங்கா வராத பசங்க” என்றார் மேடம். பிஸ்கட் பாக்கெட்டை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

மேனிஃபெஸ்டைத் திரும்பச் சேர்த்தோம். ஃபைலை எல்லோருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, கிளினிக்கில் உட்கார்கிற யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தோம். இரண்டு ஃபைலையும் ஒன்றாகச் சேர்த்தோம். சேர்த்து முடித்துப் பட்டியலைத் திறந்தபோதுதான் இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு வால் இருப்பது தெரிந்தது. காலைக் கிளினிக்கில் மேடம் காலியாக இருந்த நேரத்தையெல்லாம் நிரப்பியிருந்தார். சாயங்காலக் கிளினிக்கில் அக்காவுக்கு அதே நேரங்கள் காலியாகத் தெரிந்தன. அவளும் நிரப்பியிருந்தாள். சனிக்கிழமையில் அனேகமாக ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு பிராணிகள் இருந்தன. சில இடங்களில் ஒரு நாயும், அதை எண்ணி நடுங்கக்கூடிய ஒரு பூனையும்.

அது பெரிய டாக்டர் திரும்பி வருகிற சனிக்கிழமை. மறுநாள்.

*

மேடம் உட்கார்ந்து போன் போட்டார். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள், லீவு போட்டாச்சு, வண்டி சொல்லியாச்சு, பூனையைக் கூடைக்குள் போடவே ரெண்டு பேர் வேண்டும், தேதியை மாற்ற முடியாது என்றார்கள்.

“அக்கா, எல்லாப் பழியையும் ப்ரோக்ராம் மேல போட்டுடுங்க” என்றான் டெமோ. “பாதிப் பேரை வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம். பெரிய டாக்டர் கேட்டா ப்ரோக்ராம் தப்புன்னு சொல்லிடுங்க.”

“ப்ரோக்ராம் யாரோடது?”

“உங்க தம்பியோடது.”

“அப்ப பழி சுத்தி எங்க வீட்டுக்குத்தான் வரும்” என்றாள் அக்கா. “அந்த வேலையே வேண்டாம். என் பேரைச் சொல்லி வரச் சொன்னோம். வரட்டும். எல்லாத்தையும் பார்க்கறேன். நீங்க ரெண்டு பேரும் பழைய சட்டை போட்டுட்டு காலைல வந்துடுங்க.”

பழைய சட்டை எதற்கு என்பது காலையில் புரிந்தது. எங்களை நாய் பிடிக்க வைத்தாள். சிகிச்சை அறையில் இரண்டாவது மேசையைப் போட்டு, ஒன்றில் ஊசி போட்டு முடித்துத் திரும்பும்போது அடுத்ததில் அடுத்த பிராணி தயாராக நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. நாய்கள் உள் மேசைக்கு, பூனைகள் ஜன்னல் பக்கத்து மேசைக்கு, நடுவில் நான். ஒரே ஆளை வாசலிலும் அடுப்படியிலும் நிற்கவைத்தால் என்ன ஆகும் என்பதை முந்தைய நாள் படித்திருந்ததால், மேடம் வாசலைப் பார்த்துக்கொண்டார், உள்ளே வரவே இல்லை. டெமோ ஒரு கோல்டன் ரெட்ரீவரைக் கட்டிப்பிடித்தபடி அதற்குச் செவியோரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அன்று அவன் செய்ததில் ஒன்றுகூட டெமோ இல்லை. அவன் சட்டையே அதற்குச் சாட்சி.

அக்கா ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. முயலின் காதைப் பார்க்கும்போது உலகத்திலேயே அந்த முயல் ஒன்றுதான் பாக்கி என்பது போலப் பார்த்தாள். ஒரு பையனிடம் அவனுடைய ஆமை சோகமாக இல்லை, ஆமைகளின் முகமே அப்படித்தான் என்று விளக்கினாள். வெளியே வரிசை நீண்டுகொண்டே போனது. கதவு ஆடும்போதெல்லாம் அவள் கண் ஒரு தடவை வாசலுக்குப் போய்வந்தது.

பெரிய டாக்டர் வந்தபோது காத்திருக்கும் அறையில் நிற்க இடமில்லை. நான் அடுத்த பூனையை வாங்கிக்கொள்ள வெளியே வந்திருந்தேன். அவர் கையில் ஒரு கூடை. கூடைக்குள் அவருடைய மனைவியின் வயதான பூனை.

“வாங்க டாக்டர்” என்றார் மேடம். “அப்பாயின்ட்மென்ட் இருக்கா?”

“என் கிளினிக்குக்கு எனக்கே அப்பாயின்ட்மென்டா?”

“உங்களுக்கு இல்ல டாக்டர். பூனைக்குக் கேக்கறேன்.”

பெரிய டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பெரிய கிரேட் டேன் நாய்க்கும் அதன் முதலாளிக்கும் நடுவில் மீதியிருந்த இடத்தில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கிரேட் டேன் அவர் தோளில் தலையைச் சாய்த்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து மேடத்தின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார்.

“இது என்ன, பதினோரு மணிக்கு யானை?”

“அது இன்னும் வரல டாக்டர்” என்றார் மேடம். 'நீக்கு' பட்டன் அப்போதும் அடுத்த தெருவில்தான் இருந்தது.

அவர் முறை மதியம் தாண்டி வந்தது. அக்கா பூனையை எடுத்து மேசையில் வைத்தாள். அதன் பல்லைப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள், ஒரு பல்லை எடுக்கவேண்டியிருக்கும் என்றாள். பெரிய டாக்டர் எதிர்ப்பக்கம் நின்று பூனையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது, பூனை கண்டுகொள்ளவில்லை.

“சார், ஒண்ணு சொல்லணும்” என்றாள் அக்கா. தலையை நிமிர்த்தவில்லை. “இன்னிக்கு இவ்வளவு கூட்டம் தற்செயலா வரல. தப்பா வந்தது. என் தம்பியோட ப்ரோக்ராம்ல ஒரு கோளாறு. மேடம் கொடுத்த அப்பாயின்ட்மென்ட் எனக்குத் தெரியல, நான் கொடுத்தது மேடத்துக்குத் தெரியல. ஒரே நேரத்துக்கு ரெண்டு ரெண்டு பேரை வரச் சொல்லிட்டோம். நேத்துதான் கண்டுபிடிச்சோம். அதுக்குள்ள சில பேர் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காங்க. மேடம் பேர்லயும் சந்தேகப்பட்டுட்டேன். ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க வரேன்னு சொன்னீங்க. ஒழுங்கா நடக்கல.”

நான் ஒரு பூனையைப் பிடித்தபடி சுவரோடு சுவராக நின்றேன். டெமோ தான் பிடித்திருந்த நாய்க்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

 பெரிய டாக்டர் பூனையின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“அப்ப நீ போட்டதே ஒரு முழு நாள்” என்றார்.

“ஆமா சார்.”

“அந்தம்மா போட்டது இன்னொரு முழு நாள்.”

“ஆமா.”

“நான் உட்கார்ந்திருந்தப்போ ஒரு நாளை நிரப்பறதுக்கே வாசலைப் பார்த்துட்டு இருப்பேன்.” அவர் ஆடும் கதவின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். கிரேட் டேன் அவர் விட்டுப்போன இடத்தில் படுத்துவிட்டிருந்தது. “இவ்வளவு கூட்டத்துல மருமகன் வந்து எங்க நின்னு குளிப்பாட்டுவான்? வாளி வைக்கக்கூட இடமில்லை. நான் அவன்கிட்டச் சொல்லிக்கறேன்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“சார், என்ன சொல்றீங்க?”

“பல்லை எப்ப எடுக்கறேன்னு சொல்லு. உன் கிளினிக், உனக்கு எப்ப சௌகரியமோ அப்ப கொண்டுவரேன்.”

 கையுறையோடு மூக்கைத் துடைக்கப் போன அக்கா, பாதியில் நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

“மேடத்துக்கிட்ட கேட்டு போட்டுக்கோங்க சார்” என்றாள்.

மேடம் போட்டார். வியாழக்கிழமை, பத்து மணி, பூனை, பல். பெட்டி வந்தது. மேடம் அதை நம்பவில்லை. தன் லாகினிலிருந்து வெளியே வந்து எழுந்து நின்று, “டாக்டர், நீங்க பாருங்க” என்றார். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை ஒருமுறை தப்பாக அடித்தாள், மறுபடி அடித்தாள். மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேரும் குனிந்து நின்றோம். பெரிய டாக்டர் எதற்குக் குனிகிறோம் என்று தெரியாமலே குனிந்தார்.

வியாழக்கிழமையில் பூனை இருந்தது.

“இருக்கு” என்றாள் அக்கா. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு எழுந்து, ஆடும் கதவைத் தோளால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, காத்திருக்கும் அறையைப் பார்த்துக் கேட்டாள்.

“அடுத்தது யாரு?”